மெரேயோனியின் முடிவுரை

ஷலேஷ்னிக்கு முடிவுரை வரவில்லை. ஐந்து அத்தியாயங்கள் எழுதி முடித்தாயிற்று. ஆறாவது, கடைசி அத்தியாயம். அதை எழுதி மூன்று முறை பேராசிரியரிடம் கொடுத்தாள். மூன்று முறையும் அது திரும்பி வந்தது.

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் கடலைப் பார்த்த எங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வரிசையாக அறைகள் உண்டு. நடுவில் சுவர் கிடையாது, ஒட்டுப்பலகைத் தடுப்புதான். ஷலேஷ்னியும் மெரேயோனியும் ஓர் அறை. நான் பக்கத்து அறை. எனக்கு இன்னும் மூன்றாவது அத்தியாயமே முடியவில்லை என்பதால் என்மேல் பொறாமைப்பட ஒன்றும் இல்லை. அதனாலேயே எல்லாரும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்க்காததெல்லாம் ஷலேஷ்னி வாயால் கேட்டது.

ஷலேஷ்னியின் ஆய்வு நாண்டி ஊரைப் பற்றியது. நாண்டியில் ஆறு பெருகிக் கடைத்தெருவுக்குள் புகுவது வழக்கம். கழுத்தளவு தண்ணீர் நின்ற கடையைச் சேறு வழித்து, கழுவி, வர்ணமடித்து, மறுபடி அதே இடத்தில் திறப்பார்கள். ஏன் அவர்கள் வேறு இடம் போவதில்லை? இதுதான் அவள் கேள்வி. அவள் அப்பாவுக்கும் அந்தத் தெருவில் துணிக்கடை உண்டு. அவர் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வானொலிக்காரர்களிடம், "தண்ணிக்கு பயந்தவன் நாண்டில பொறந்திருக்கக் கூடாது" என்று சொல்வார்.

பேராசிரியர் தாலிதா பக்கத்துத் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்தவர். பருத்த உடம்பு, மெல்லிய குரல். மூன்றாம் முறை அவள் அறைக்கே வந்து திருப்பிக் கொடுத்தபோது அவர் பேசியது எனக்குப் பலகை வழியாகவே கேட்டது.

"ஷலேஷ்னி, இது முடிவுரை இல்லம்மா. பொருளடக்கம். அஞ்சு அத்தியாயத்தயும் சுருக்கி ஆறுன்னு பேர் வச்சிருக்க."

"அஞ்சுலயும் சொன்னதத் தொகுத்துத்தான டாக்டர் எழுதணும்?"

"தொகுக்கறது ஒரு பக்கம். மீதி? முதல் அத்தியாயத்துல ஒரு கேள்வி கேட்டியே, அதுக்குப் பதில் எங்க? ஒரு வரில சொல்லு. அவங்க ஏன் போகல?"

ஷலேஷ்னி யோசித்தாள். "பல காரணிகள் சேர்ந்து செயல்படறதா கருத இடமிருக்கு..."

"கருத இடமிருக்கு," என்றார் தாலிதா. நாற்காலி கிறீச்சிட்டது. "அந்த இடத்துல நீ எப்ப உட்காரப் போற? எதுக்கும் மெரேயோனியோட முடிவுரைய வாங்கிப் படிச்சுப் பாரு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மெரேயோனி வந்து சேர்ந்தது ஷலேஷ்னிக்கு இரண்டு வருடம் கழித்து. வயதிலும் சின்னவள். ரேவா ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். அங்கே பெண்கள் மூழ்கி ஆற்று மட்டி எடுத்துச் சந்தையில் விற்பார்கள். மட்டி குறைந்துகொண்டே போவதால் ஆற்றின் சில பகுதிகளில் யாரும் இறங்கக் கூடாது என்று கிராமக் கூட்டம் தடை போடும். அந்தத் தடை ஏன் ஒவ்வொரு முறையும் உடைகிறது என்பது மெரேயோனியின் ஆய்வு. காலையில் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிக்சரைக் கொறித்தபடி எழுதுவாள். நாலு மணி ஆனால் பந்து விளையாடப் போய்விடுவாள். சனி ஞாயிறு கட்டடத்தின் பக்கமே தலை வைக்க மாட்டாள். அப்படியிருந்தும் அத்தியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன.

ஷலேஷ்னியை அவள் இந்தியில் அக்கா என்கிற மாதிரி 'தீதி' என்றுதான் கூப்பிடுவாள். அந்த அழைப்பில் கள்ளமே இருக்காது. அதுதான் ஷலேஷ்னிக்குத் தாங்கவில்லை. இவள் கொஞ்சம் கர்வக்காரியாக, கொஞ்சம் கோள் சொல்கிறவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. மெரேயோனி பேராசிரியர் அறைக்குள் போனால் சிறிது நேரத்தில் இருவரும் சேர்ந்து சிரிப்பது கேட்கும். ஷலேஷ்னி போனால் தாலிதா சிரித்ததே இல்லை. அந்தச் சிரிப்பு கேட்கிறபோதெல்லாம் ஷலேஷ்னி எழுந்து போய்க் குழாயைத் திறந்து குவளையைக் கழுவுவாள், குவளை சுத்தமாக இருந்தாலும்.

மெரேயோனியின் முடிவுரையை அவளிடம் போய்க் கேட்க ஷலேஷ்னிக்கு மனம் வரவில்லை. கேட்க வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. மறுநாள் மெரேயோனியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"தீதி, ஒரு உதவி. இத ஒரு தடவ படிச்சுப் பாருங்க."

"டாக்டர் பாத்தாச்சே. நல்லா இருக்குன்னு சொன்னாங்களாமே."

"அதான் பயமா இருக்கு. அவங்களுக்கு என்னைப் பிடிக்கும். பிடிச்சவங்க கண்ணுக்குத் தப்பு தெரியாது. நீங்கன்னா ஒரு காற்புள்ளிய விட மாட்டீங்க."

"அப்ப எனக்கு உன்னைப் பிடிக்காதுன்னு சொல்ற."

"சே, போங்க தீதி," என்று சிரித்துவிட்டு மெரேயோனி விளையாடப் போனாள்.

ஷலேஷ்னி அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு, ஒரு கையில் தாளும் ஒரு கையில் கரண்டியுமாகப் படிக்க ஆரம்பித்தாள். தப்பு கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலேயே வயிறு எரிந்தது.

சுற்றி வளைக்கவே இல்லை அவள். 'தடைகள் ஏன் உடைகின்றன என்று கேட்டேன். தடை போடுகிற கூட்டத்தில் மட்டி எடுக்கிறவர்கள் யாரும் உட்காரவில்லை. அதனால் உடைகின்றன' என்று தொடங்கியிருந்தாள். அந்தப் பதிலுக்கு ஐந்து அத்தியாயங்களும் எப்படிக் கைகொடுத்தன என்பதை அடுத்த இரண்டு பக்கங்களில் சொல்லி முடித்துவிட்டாள். முன்னால் எழுதியவர்கள் எங்கே இவளோடு ஒத்துப்போகிறார்கள், எங்கே மாறுபடுகிறார்கள் என்பது அதன் பிறகு. தன்னால் பார்க்க முடியாமல் போனது எது என்பதையும் மறைக்கவில்லை. ஆண்களின் கூட்டத்தில் தன்னை உட்கார விடவில்லை, அங்கே பேசியது எல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும் என்று எழுதியிருந்தாள். புதிதாக ஒரு சான்றும், ஒரு மேற்கோளும் உள்ளே நுழையவில்லை. கடைசியில், இனி யார் என்ன செய்யலாம் என்று ஒரு பக்கம்.

"ரொட்டி கருகுது," என்றான் அவள் கணவன் ரொனேஷ்.

"கருகட்டும்."

"அவ்வளவு நல்லாவா எழுதியிருக்கா?"

ஷலேஷ்னி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அவளுக்கு வேண்டியது கிடைத்தது.

கடைசிக்கு முந்தின பத்தி. 'தண்ணீரில் இறங்குகிறவர்கள் பேச்சில் உட்காராத எந்த ஆற்றிலும், எந்தக் கடலிலும், எந்தத் தடையும் நிற்காது.' மெரேயோனி ஆராய்ந்தது ஒரே ஆற்றில் மூன்று கிராமங்கள். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள தண்ணீர் அத்தனைக்கும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கையில் இருக்கிற சான்றுக்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது என்பது முதல் வருடப் பாடம். அதிலும் இவளுக்கு வாய்த்திருக்கிற வெளித்தேர்வாளர் ஹோபார்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர், இந்த மாதிரிப் பேச்சைக் கண்டால் தோலை உரித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர்.

ஷலேஷ்னி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவளையும் அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்தாளாம். ரொனேஷ் அதைக் கவனித்து, "ஏதோ தப்பு கிடைச்சிருச்சு போல" என்றான்.

மறுநாள் காலையில் அதை மெரேயோனியிடம் சொல்லிவிடுவது என்றுதான் வந்தாள். இதை அவள் சத்தியம் செய்து சொன்னாள், நான் நம்புகிறேன். ஆனால் மெரேயோனி முந்திக்கொண்டாள். தாளைப் புரட்டி, அந்தப் பத்தியிலேயே விரல் வைத்தாள்.

"தீதி, இது மட்டும் உறுத்துது. 'எந்த ஆற்றிலும்'னு போட்டிருக்கேன் பாருங்க. ரொம்பப் பெரிய பேச்சா தெரியுதா? எடுத்துடலாமான்னு யோசிக்கிறேன்."

பேராசிரியர் அறையில் கேட்கும் அந்தச் சிரிப்பு ஷலேஷ்னிக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"தொடாத," என்றாள். "அதான் இந்த அத்தியாயத்துக்கு உசுரு."

"நெஜமாவா?"

"அத எடுத்துட்டா மத்ததெல்லாம் வெறும் சோறு. குழம்பு அதுலதான் இருக்கு."

மெரேயோனி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஆய்வேடு அந்த வாரமே தேர்வாளர்களுக்குப் போனது.

அறிக்கை வருவதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் ஷலேஷ்னி தன் முடிவுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. மாறாக, மெரேயோனிக்குச் சமைத்துக் கொண்டுவர ஆரம்பித்தாள். பூசணிக்காய்க் கறி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரை, மீன் சட்னி. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கும் மணக்கும். "தீதி மாதிரி ஒரு ஆளு எனக்கு எங்க ஊருலயே கிடையாது" என்று மெரேயோனி என்னிடம் சொன்னாள். நானும் அப்போது அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

உள்ளே நடந்தது வேறு. அறிக்கை வந்து மெரேயோனி அழுவதை ஷலேஷ்னி பலமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். தான் போய்த் தோளில் கை வைத்து, "விடு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்வது வரை. அந்த இடம் வந்ததும் இனிப்பாக இருக்கும். உடனே வாயெல்லாம் கசக்கும். மறுநாள் கறியில் தேங்காய்ப்பால் கூடும்.

தேர்வாளர் அறிக்கை ஒரு புதன்கிழமை வந்தது. கொட்டுகிற மழை. மெரேயோனி பேராசிரியர் அறையிலிருந்து ஓடி வந்து, ஷலேஷ்னியை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தாள்.

"தீதி, அந்தப் பத்தி. அந்தப் பத்தியத்தான் ஹோபார்ட்காரர் சொல்லியிருக்கார்."

"என்ன சொல்லியிருக்கார்?"

"இந்த ஆய்வேட்டப் படிக்கறதுக்கே அந்த ஒரு வாக்கியம்தான் காரணமாம். முன்னுரையிலயே அதக் கொண்டாந்து வைக்கச் சொல்றார். மத்த ஆறுகள்ல இத இனிமேதான் சோதிக்கணும்னு பக்கத்துல ஒரு வரி சேத்தா போதுமாம். வேற திருத்தமே இல்ல."

ஷலேஷ்னி கண்டது தப்பில்லை. அந்த ஒரு வரி அங்கே இல்லாததுதான் குறை. ஆனால் அவள் பத்தியையே வெட்டச் சொல்லியிருப்பாள். நேர்மையாக நடந்திருந்தால் மெரேயோனியின் ஆய்வேட்டில் இருந்த மிகச் சிறந்த வாக்கியத்தைத் தன் கையாலேயே கொன்றிருப்பாள். கெடுக்க நினைத்ததால் அது பிழைத்துக்கொண்டது.

அன்று மாலை மாணவர் கூடத்தில் பாய் விரித்து யங்கோனா கரைத்தோம். வேரை இடித்து நீரில் பிழிந்த அந்தக் கலங்கல் பானம் இல்லாமல் இங்கே எந்த நல்ல காரியமும் நடக்காது. முதல் கொட்டாங்கச்சி பேராசிரியருக்கு. இரண்டாவது மெரேயோனிக்குப் போனது. அவள் அதை வாங்கவில்லை.

"இது தீதிக்கு," என்றாள். "நான் அந்தப் பத்திய எடுக்கறதா இருந்தேன். தொடாதன்னு சொன்னது இவங்கதான். நான் பாஸ் பண்ணல, இவங்க பண்ண வச்சாங்க."

எல்லாரும் ஷலேஷ்னியைப் பார்த்தார்கள். தாலிதா முதல்முறையாக அவளைப் பார்த்து முகம் மலரச் சிரித்தார். இத்தனை நாள் ஏங்கிய சிரிப்பு. ஷலேஷ்னி முறைப்படி ஒருமுறை கைதட்டிவிட்டுக் கொட்டாங்கச்சியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு மூன்று முறை கைதட்ட வேண்டும். இரண்டாவதிலேயே நிறுத்திவிட்டாள். சந்தோஷத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்குப் போய் ரொனேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

"கெடுக்கப் போயி வாழ வச்சிட்டு வந்திருக்க. உனக்கு வில்லத்தனமும் வரல ஷாலு."

"சிரிக்காத."

"வேற என்ன பண்ணச் சொல்ற? அவ நல்லாத்தான இருக்கா? யாருக்கு நட்டம்? அப்படியே விட்டுரு."

விட முடியவில்லை. ஆளுக்கு ஆள் அவளிடம் வந்து முடிவுரை எப்படி எழுதுவது என்று ஆலோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திட்டு வாங்கினால் தாங்கியிருப்பாள். இந்தப் பாராட்டு அவளைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் மெரேயோனியோடு தனியாக நிற்கும்போது சொல்லிவிட்டாள். நீட்டி முழக்கவில்லை. "அந்தப் பத்தி தப்புன்னு நெனச்சுத்தான் தொடாதன்னு சொன்னேன். நீ அடி வாங்கணும்னு."

மெரேயோனி பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"எப்ப இருந்து தீதி?"

"என்னது?"

"என்னைப் பிடிக்காம போனது."

"பிடிக்காமலாம் இல்ல. உன்ன ரொம்பப் பிடிக்கும். அதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு."

"அப்ப அந்தப் பூசணிக்காய்க் கறியெல்லாம்?"

"அதுவும் இதனாலதான்."

பேருந்து வந்தது. மெரேயோனி படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "கறி நல்லா இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள். ஏறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் அறைக்கு வரவே இல்லை. திருத்தத்தை வீட்டில் இருந்தே முடித்துக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். அவள் மேசை வெறுமனே கிடந்தது. ஷலேஷ்னிக்கு எதிரே சத்தமில்லை, மிக்சர் இல்லை, சிரிப்பும் இல்லை. எழுதுவதற்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது. அவளுக்கோ ஒரு சொல்லும் ஓடவில்லை.

ஒரு நாள் மதியம் மெரேயோனி தன் சாமான்களை எடுத்துப் போக ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். பெட்டியை நிரப்பினாள். கிளம்பப் போனவள், ஷலேஷ்னியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்க முடிவுரையக் குடுங்க."

"எதுக்கு?"

"பழி வாங்கணும். ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறேன்."

ஷலேஷ்னி கொடுத்தாள். மெரேயோனி பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து படித்தாள். நான் என் அறையில் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டேன். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"பொய் சொல்லலாம்னுதான் வந்தேன் தீதி. முடியல. இவ்வளவு மோசமா இருந்தா எப்படிப் பொய் சொல்றது?"

"அவ்வளவு மோசமாவா?"

"'ஓரளவு', 'எனலாம்', 'கருத இடமுண்டு'. ஒரு பக்கத்துல எத்தன வாட்டி? யாரு உங்கள அடிக்க வர்றாங்க? ஒவ்வொரு வரியும் கதவுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாக்குது."

"கையில இருக்கற சான்றுக்கு மேல பேசக் கூடாது."

"மேல பேச வேண்டாம். இருக்கற அளவுக்காவது பேசுங்க. நாலாவது அத்தியாயத்துல நீங்க பேட்டி எடுத்த கடைக்காரங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தச் சொல்றாங்க. முடிவுரையில அதக் காணோம். ஏன் தீதி போகல அவங்க?"

"பல காரணிகள்..."

"காரணிய விடுங்க. ஏன் போகல?"

"வாங்க ஆள் இல்ல, அதான் போகல," என்று ஷலேஷ்னி சீறினாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "வெள்ளம் ஏறின கடைய எவன் வாங்குவான்? போக வழியில்ல. போக வழியில்லாதத தைரியம்னு பேர் வச்சுச் சொல்லிக்கிறாங்க. கேக்கறவங்களும் ஆமா, தைரியசாலிங்கன்னு எழுதிட்டுப் போறாங்க. அதனால யாரும் அவங்களுக்கு ஒரு மாற்று இடம் குடுக்கறதில்ல. எங்கப்பாவும் அதே கதைதான். அத நான் எப்படி எழுதறது?"

மெரேயோனி எழுந்து தாள்களை மேசைமேல் வைத்தாள்.

"இப்ப சொன்னீங்களே, அப்படியேதான்," என்றாள் மெரேயோனி. பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, "நான் இன்னும் உங்கள மன்னிக்கல" என்றாள். பிறகு போனாள்.

ஷலேஷ்னி அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். 'அவர்கள் தங்கவில்லை, தங்க வைக்கப்பட்டிருக்கிறார்கள்' என்று முதல் வரி. தான் ஒரு கடைக்காரரின் மகள் என்பதால் இதைப் பார்க்கத் தனக்கே தாமதமானது என்பதையும், குறைகளைச் சொல்லும் இடத்தில், ஒளிக்காமல் எழுதினாள். தாலிதா படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினார்: 'சமர்ப்பி.'

சமர்ப்பிப்பதற்கு முன்னால் அவள் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

"எங்க பேரு போட்டிருக்கியா?" என்றார் கடைசியில்.

"இல்லப்பா. யாரோட பேரும் போடல."

"கடைப் பேரு?"

"அதுவும் இல்ல."

"அப்ப சரி." பிறகு குரலை இறக்கினார். "இதயெல்லாம் பெரிய ஆளுங்கதான படிப்பாங்க? படிக்கறவங்கள்ல யாராவது கடை வாங்கற யோசனையில இருந்தா சொல்லும்மா."

அவளுக்கும் பட்டம் கிடைத்தது. திருத்தங்கள் மெரேயோனியுடையதைவிட நிறைய. தேர்வாளர்கள் நல்ல ஆய்வு என்றார்கள். படிக்கவே இந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அதை அவள் எதிர்பார்த்தாள் என்றும், இல்லையென்று தெரிந்த அன்று மதியச் சோறு இறங்கவில்லை என்றும் என்னிடம் சொன்னாள்.

மெரேயோனிக்கு வெலிங்டனில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அவள் கிளம்பும் நாளில் நவுசோரி விமான நிலையத்துக்கு நாங்கள் ஒரு கூட்டமாகப் போனோம். ஊர்ப் பெண்கள் அவளுக்குக் கழுத்து தெரியாமல் மாலை போட்டிருந்தார்கள். ஷலேஷ்னி எல்லாருக்கும் பின்னால் நின்றாள். மெரேயோனிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"என்ன தீதி, பேச மாட்டீங்களா?"

"பொறாமையா இருக்கு மெரேயோனி," என்றாள் ஷலேஷ்னி. "ராத்திரி பூரா தூங்கல. உனக்கு வேலை கிடைச்சதுல சந்தோஷமும் இருக்கு. ஆனா பொறாமைதான் ஜாஸ்தி."

மெரேயோனி தன் கழுத்திலிருந்த மாலைகளில் ஒன்றைக் கழற்றினாள். அதை அவளுக்குப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதில் சிக்கியிருந்த முடியை விடுவித்துவிட்டு, மறுபடி தானே போட்டுக்கொண்டாள்.

"அங்க காத்து ஆளையே தூக்குமாம். நம்ம ஆத்து மட்டியும் கிடையாதாம்," என்றாள். "அத நெனச்சுக்கோங்க."

இருவரும் சிரித்தார்கள். உள்ளே போகச் சொல்லி அறிவிப்பு வந்தது. மெரேயோனி போய்விட்டாள். திரும்பி வரும் வழியில், வெலிங்டனில் வாடகை எவ்வளவு இருக்கும் என்று ஷலேஷ்னி என்னைக் கேட்டாள். ரொம்ப அதிகம் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.